வரட்டிக் கணக்கு

எங்கள் வயலில் இரண்டு வட்டங்கள் இருக்கின்றன.
மேட்டுப் பக்கத்தில் இருப்பது
இரண்டு மழைக்கு முன் சாணம் குவித்திருந்த இடம்.
அங்கே மட்டும் கோதுமை
கரும்பச்சையாய் என் முழங்காலை உரசுகிறது.
மற்றது, கழுதை இடறி
யூரியா மூட்டை வாய் பிளந்த இடம்.
மேல்மண்ணோடு சேர்த்து வழித்தெடுத்தோம்.
வழித்தது போக மீந்தது சுட்டது.
அந்த வருஷம் புல்கூட எட்டிப் பார்க்கவில்லை.

இரண்டுக்கும் நடுவில்
அரை ஹெக்டேர் பசி.

ஆர்சி மலைச்சரிவில்
யூகலிப்டஸ் வைத்தவர்கள் அதை விற்றுவிடுகிறார்கள்.
அடுப்பு சாணத்தைக் கேட்கிறது.
வயலும் அதையேதான் கேட்கிறது.
மாடுகளோ மூன்று.
"இஞ்செரா வேகாவிட்டால்
எருவையா தின்பாய், அயாந்து?" என்கிறான் ஹுந்தே.
பசியோடு இருக்கிறவனிடம்
மண்ணின் பசியைப் பற்றிப் பேச முடியாது.
அதனால் பேசாமல் பங்கு பிரித்தேன்:
வெயில் காலத்துச் சாணம் வரட்டிக்கு.
மழைக்காலத்தில் வரட்டி காயாது;
சுவரிலிருந்து வழுக்கி விழும்.
விழுவதெல்லாம் வயலுக்கு.
அடுப்பு தின்று துப்பும் சாம்பலையும்
விடுவதில்லை.

போன வருஷம் அவரை முறை.
கோதுமைமேல் கோதுமை போட்டால்தான் காசு என்று
ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை அவன்.
நான் விதைத்தேன்.
பூ விட்டதும் ஒரு செடியைப் பிடுங்கி
வேரில் ஒட்டிய முடிச்சை நகத்தால் நசுக்கி
அவன் கண்ணெதிரே நீட்டினேன்.
இளஞ்சிவப்பு.
"காற்றிலிருந்து இது பிடித்துவைக்கிற யூரியா. இலவசம்."
"இலவசமாய் வருவதெல்லாம்
பிறகு ஒருநாள் ஆள் அனுப்பும்," என்றான்.
அப்புறம் தானும் ஒன்றைப் பிடுங்கினான்.
நசுக்கினான்.
இன்னொன்று.
மூன்றாவது செடிக்கு நீண்ட கையைத்
தட்டிவிட்டேன்.

கூட்டுறவுக் கிடங்கில் இந்த வருஷத்து விலை
போன வருஷத்து விலையைப் பார்த்துச் சிரிக்கிறது.
ஒரு மூட்டை வாங்கினோம்.
பாதி, பழைய கடனுக்கு வட்டியாக
டெராராவின் வீட்டுக்குப் போனது.
மீதிப் பாதி
கட்டிலுக்கடியில் ஈரம் படாமல்
நோயாளி மாதிரி படுத்துக் கிடந்தது.

இன்று மண் நனைந்திருக்கிறது.
காப்பிக் கிண்ணத்தால் அளந்து அளந்து
அந்தப் பாதியை வீசிக்கொண்டே வருகிறேன்.
அவரை நின்ற பாத்திக்கு அரைக் கிண்ணம்.
அவரைத் தட்டையை மாடு தின்ன,
மாடு தந்தது அந்தப் பாத்தியிலேயே விழுந்திருக்கிறது.
ஆற்றுப் பக்கத்துக்கு முழுக் கிண்ணம்;
அங்கே எருக்கூடை சுமந்துபோக
என் இடுப்பு ஒப்பவில்லை.
பச்சை வட்டத்தை
ஒரு துளிகூடப் போடாமல் தாண்டுகிறேன்.
நிறையத் தின்றவனுக்கு மேலும் பரிமாறினால்
தலை கனத்து முதல் மழைக்கே சாய்வான்.

சரியாகத்தான் செய்கிறேனா, தெரியாது.
மண் பரிசோதனைக்கு எடுத்துப்போன பை
இன்னும் திரும்பவில்லை.
பையில் என் பெயரை
ஆணின் பெயராய் எழுதிக்கொண்டார்கள்.

எரிந்த வட்டத்தில்
யூரியா போடக் கை வரவில்லை.
சாணம் கரைத்த தண்ணீரை ஊற்றிவிட்டுக்
குத்தவைத்து எண்ணினேன்.
ஏழு கோதுமைத் தாள்.
நேற்று ஆறு என்று நினைக்கிறேன்.
ஹுந்தே ஐந்து என்கிறான்.