வெளியேறிய காரணம்

பவள விழா மலருக்குப் பள்ளி வரலாறு
இரண்டு பக்கம் வேண்டுமாம்.
தலைமையாசிரியர் என் மேசைக்கே வந்துவிட்டார்.
"நீங்கதான் எழுதோணும்,
ரெக்கார்டெல்லாம் உங்ககிட்டத்தானே கெடக்குது."
இளநிலை உதவியாளர் நான்.
சம்பளப் பட்டியல், மாற்றுச் சான்றிதழ் தவிர
எதுவும் எழுதிப் பழக்கமில்லை.

விழாக் குழு தந்த குறிப்பில்
நிலம் ஈந்தவர் பெயர் ஏழு இடத்தில் வருகிறது.
பீரோவைத் திறந்து
கரையான் மிச்சம் வைத்த
முதல் சேர்க்கைப் பதிவேட்டை எடுத்தேன்.

முதல் எண், நிலம் ஈந்தவரின் மகன்.
பதினேழு, சின்னான் மகன் மாரன்.
சேர்ந்த நாளும் வெளியேறிய நாளும் ஒன்று.
காரணம் என்ற கட்டத்தில்
ஒரு சொட்டு மை.
பேனாவை வைத்தவர் எழுதாமல்
வெகுநேரம் உட்கார்ந்திருக்க வேண்டும்.
முப்பத்தொன்றில் மறுபடி மாரன்,
எட்டு மாதம் கழித்து, வேறு கையெழுத்தில்.
இடையில் யார் யாரிடம் பேசினார்கள்?
குழுவைக் கேட்டேன்.
"அதெல்லாம் இப்ப எதுக்குங்."

அதன்பின் அந்தக் கட்டத்தை மட்டும்
கீழ்நோக்கிப் படித்துக்கொண்டே போனேன்.
பருத்தி எடுப்பு.
ஆடு.
கிணறு வற்றிக் குடும்பம் பல்லடம் போனது.
கிணற்று வெடி, அதற்கு மேல் எழுதவில்லை.
தறி. தறி. மேற்படி. மேற்படி.
அப்புறம் கை சலித்து
பக்கம் முழுக்க இரண்டிரண்டு கீற்று.
பெண்பிள்ளைகளுக்கு வெகுகாலம் ஒரே சொல்: வயது.
தொண்ணூற்று நான்கு, துளசிமணி,
ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு: பனியன்.
துளசிமணி என் அக்கா.
அவள் ஓவர்லாக் அடித்த கூலியில்தான்
நான் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தேன்.

நல்லதும் கிடக்கிறது.
ஆடிக் காற்று ஏழாம் வகுப்புக் கூரையைப் பிடுங்கி
சோளக்காட்டில் போட்ட வருஷம்
ஒரு பிள்ளையும் விலகவில்லை.
மணிக்குப் பதிலாக மில்லில் கழித்த பல்சக்கரம்;
அடித்தால் ஓடைக்கு அந்தப்பக்கம் வரை கேட்கும்.
பாதிப் பேர் ஜூன் ஒன்றில் பிறந்தவர்கள்,
ஆகவே அரசு வேலைக்குப் போனவர்கள்
மே மாதக் கடைசியில்தான் மாலையோடு
வீடு திரும்பியிருப்பார்கள்.

நேற்றுச் சேர்ந்தவன்
எண் ஒன்பதாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.
பிபின் நாயக். ஊர் ஒடிசாவில்.
அப்பன் டையிங், அம்மா செக்கிங்.
ஆதாரில் பிறந்த நாள் ஜனவரி ஒன்று,
எங்கள் ஜூன் ஒன்றுக்குத் தூரத்துச் சொந்தம்.
பல்சக்கரத்தைத் தொட்டுப் பார்த்து
"இது மெசின்ல இருக்கறதுதானுங்கக்கா?" என்றான்,
எங்களூர் இழுப்போடு.
சேர்ந்த காரணம் எழுத
படிவத்தில் கட்டம் கிடையாது.
ஓரத்தில் பென்சிலால் போட்டேன்: பனியன்.
தணிக்கை வந்தால் அழித்துக்கொள்ளலாம்.

இரண்டு பக்கமும் இன்னும் வெறுமை.
அச்சகத்துக்காரர் மூன்று முறை கூப்பிட்டுவிட்டார்.
நிலம் ஈந்தவர் படத்தைப் பெரிதாக வைத்தால்
அரைப் பக்கம் ஓடிவிடுமாம்.
பதினேழாம் எண்ணின் அந்த மைச்சொட்டை
அதே அளவில் போட முடியுமா என்றேன்.
கலரா, கறுப்பு வெள்ளையா
என்கிறார்.