தெளிந்த பிறகு எடுத்த மாதிரி

பதினோரு வருஷமாக
அடுத்தவர் தண்ணீரை அளந்து சம்பளம் வாங்குகிறேன்.
ஆம்பூரில் தோல் கழுவிய தண்ணீர் வந்து சேரும் இடம்.
ஆய்வகம் என்பார்கள்:
ஒரு மேசை, ஒரு மீட்டர், மூலை மடங்கிய பதிவேடு,
எத்தனை சோப்புக்கும் சட்டையை விட்டுப் போகாத வாடை.
பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் மூக்கைத் திருப்புவார்.
அவர் காலில் நல்ல தோல் செருப்பு இருக்கும்.
பார்த்து எனக்குள் சிரித்துக்கொள்வேன்.
அந்தச் சிரிப்பு ரொம்ப நாள் எனக்குப் போதுமாக இருந்தது.

பாலாற்றுப் பாலத்தைத் தினம் இரண்டு தடவை கடக்கிறேன்.
கீழே மணல் போன பள்ளம், சீமைக்கருவேலம்,
நடுவே ஒரு முழ அகலத்துக்குக் கறுப்பாக ஏதோ.
யாரைச் சொல்வது என்று ஒரு பட்டியல் வைத்திருந்தேன்:
முதலாளி, அதிகாரி, மணல் லாரிக்காரன்,
மேலே அணை கட்டினவன், கடல் தாண்டி பூட்ஸ் வாங்குகிறவன்.
டீக்கடையில் யாராவது ஆரம்பித்தால் போதும்,
வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பேன்.

பேனா போல ஒரு சின்ன மீட்டர்.
சனிக்கிழமை பையில் மறந்து வீட்டுக்கு வந்துவிட்டது.
துணி துவைக்க எடுத்த வசந்தகோகிலா
"இது இன்னா, ஜுரம் பாக்கறதா?" என்று
அலசின தண்ணியில் முக்கினாள்.
எண் ஏறியது.
அவளுக்குப் பிடித்துப்போனது.
போர் தண்ணி, ஆயிரத்து எழுநூறு.
மிஷினில் வடிகட்டினது, நாற்பத்திரண்டு.
"பாத்தியா" என்றேன், ஏதோ நானே வடிகட்டினது போல.
"அப்ப மீதி உப்பு எங்க போச்சு?"

மீதி உப்பு
பின்சுவர் ஓட்டையில் தொங்கும் கறுப்பு ட்யூபில் போகிறது.
ஒரு குடம் குடிக்க மூன்று குடம் அந்தப் பக்கம்.
ஸ்டூல் போட்டு ஏறிக் கையை நீட்டிப் பிடித்தேன்.
மூவாயிரத்துக்குக் கிட்ட.
அந்தப் பக்கம் நசீமா வீட்டு முருங்கை நின்ற இடம்.
போன கோடையில் பட்டுப்போனபோது
இதே சுவரில் சாய்ந்து
அவளோடு சேர்ந்து கம்பெனிக்காரர்களைத் திட்டினேன்.
நிறையத் திட்டினேன்.

மரம் எதனால் பட்டது, எனக்குத் தெரியாது.
வேர்ப்புழுவாக இருக்கலாம்.
அளக்காமல் சொல்லக் கூடாது என்பதுதான் என் வேலை.
அளந்ததை மட்டும் போய்ச் சொன்னேன்.
நசீமா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.
நிமிரவில்லை.
"இப்பனா அந்தக் குழாயைத் திருப்புங்க" என்றாள்.

திருப்பினேன். அது சுலபம்.

திங்கள் இரவு ஷிப்டில் பதிவேட்டைத் திறந்தேன்.
பொய் எழுதியவனில்லை நான், ஒரு தடவைகூட.
விடியற்காலை, தொட்டி படிந்து தெளிந்த பிறகு
மாதிரி எடுப்பேன்.
உண்மை நல்லபடியாக இருக்கும் நேரம் பார்த்து எழுதுவேன்.
பதினோரு வருஷம்.
அன்று ராத்திரி இரண்டரைக்கு,
பம்பு முழு வேகத்தில் கலக்கும்போது,
பாட்டிலோடு படியிறங்கினேன்.
"இன்னா சார், தூக்கம் வர்லியா?" என்றான் ஆபரேட்டர் தேவசகாயம்.
வந்த எண்ணை வந்தபடி எழுதினேன்.
கீழே எப்போதும் போடும் கிறுக்கல் இல்லை,
இன்ஷியலோடு முழுப் பெயர்.

ஆறு ஒன்றும் நிமிர்ந்து பார்த்துவிடவில்லை.
மேனேஜர் மறுநாள் என்னைக் கூப்பிட்டு,
வீட்டுக்காரம்மா சௌக்கியமா என்று விசாரித்தார்.
அவர் அதுவரை விசாரித்ததே இல்லை.
பகல் ஷிப்டுக்கு மாற்றம் இருக்கலாம் என்கிறார்கள்.
சுண்ணாம்பு மூட்டை எண்ணும் வேலை என்றும் சொல்கிறார்கள்.
வீட்டு லோனுக்கு இன்னும் நான்கு வருஷம்.
செருப்புக் கடையில் ரப்பர் ஜோடி ஒன்றை எடுத்து,
சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று நினைத்து,
கீழே வைத்துவிட்டு வந்தேன்.
வாங்கியிருந்தாலும் சரிதான், வாங்காததும் சரிதான்;
இன்னும் தெளியவில்லை.

ட்யூப் தண்ணீர் இப்போது பக்கெட்டில் விழுகிறது.
அதில்தான் கக்கூஸ் அலம்புகிறோம், வீடு துடைக்கிறோம்.
காய்ந்தால் மொசைக் தரை முழுக்க உப்பு பூக்கிறது.
"யாரு நடந்ததுன்னு நல்லாத் தெரியுது" என்கிறாள் வசந்தகோகிலா.
ஹாலிலிருந்து பின்சுவர் வரைக்கும்
வெள்ளையாக,
எட்டாம் நம்பர் கால்.