நடுங்காதவர்

மே மாதம். ஓட்டேரியில் எங்கள் டயாலிசிஸ் யூனிட்.
மெட்ரோ வாட்டர் இரண்டு நாளாக வரவில்லை,
தனியார் லாரி வந்தது.
எங்கே பிடித்தது என்று கேட்டேன்.
"தண்ணிதாங்க" என்றான் டிரைவர்.

தொட்டிக்கு மருந்து போட்டோம். வடிகட்டினோம்.
கல்ச்சர் தட்டில் ஒன்றும் முளைக்கவில்லை.
எல்லாம் செத்துவிட்டது என்பதற்கு
என் கையெழுத்து.

ஏழு மணிக்குச் சுற்றத் தொடங்கிய இரத்தம்
ஏழே முக்காலுக்கு உதறியது.
முதல் நாற்காலியில் சுலேகா பீவிக்குப் பல் கிட்டிக்கொண்டது.
அடுத்து, சௌகார்பேட்டை தேவ்சந்த்;
கட்டில் சட்டத்தில் அவர் மோதிரம் தடதடத்தது.
மூன்றாவது, பாலிடெக்னிக் பையன் இளம்பரிதி:
"குளிருதுக்கா."
கத்திரி வெயில் இறங்கியும்
வெளிச்சுவர் சுட்டுக்கொண்டிருந்தது.
போர்வை போதாமல்
ஜன்னல் திரையைக் கழற்றிப் போர்த்தினேன்.

நான்காவது நாற்காலியில் தனகோடி,
ரயில் பெட்டிக்குப் பெயின்ட் அடித்து ஓய்ந்தவர்,
மாலைப் பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தார்.
"இன்னாமா ஆச்சு இவங்களுக்கு?"

அதே தொட்டி. அதே குழாய்.

டாக்டர் ரெஜினா என்னைவிடப் பத்து வயது சின்னவர்.
இரண்டு இரவு தூங்காத குரலில் சொன்னார்:
பாக்டீரியா செத்தால் தோல் உடையும்.
தோலில் கொழுப்பும் சர்க்கரையும் பின்னிய ஒரு துணுக்கு,
கொதிக்க வைத்தாலும் சாகாது,
சாவதற்கு அதற்கு உயிரே இல்லை.
நம் வெள்ளணுக்களின் மேல் ஓர் ஏற்பி
அதை மட்டும் அடையாளம் வைத்திருக்கிறது,
கடன்காரனின் செருப்புச் சத்தம் தெரிந்த வீட்டைப்போல.
ஆள் வர வேண்டியதில்லை,
செருப்பைத் தூக்கி எறிந்தாலே வீடு அலறும்.

நடுக்கம் விஷத்தின் வேலை இல்லையாம்.
நம் வேலையாம்.
கண்ணுக்குத் தெரியாத ஒரு துளிப் பொடிக்கு
இத்தனை சைரன்.
சிலசமயம்
சைரன் கேட்டு ஓடிவரும் கூட்டத்தில்தான்
மிதிபட்டுச் சாகிறோம்.

"அப்போ தனகோடி?"

மருந்துச் சீட்டின் பின்புறம் வாழை என்று எழுதினார்.
ழ-வை அடித்து ள போட்டார்.
மரம் மீனாயிற்று.
"ஏற்பியில் இப்படி ஓர் எழுத்து மாறியிருக்கலாம்.
இல்லை, இரைச்சல் கேட்டுக் கேட்டுக்
காது மரத்திருக்கலாம்.
சோதிக்காமல் தெரியாது.
சோதிக்க யார் பணம் தருவார்?"

மறுநாள் ஒரு பெட்டி வந்தது.
குதிரைலாட நண்டின் நீல இரத்தத்திலிருந்து எடுத்த பொடி.
குழாயில் எங்கள் தண்ணீரை விட்டு
ஒரு மணி நேரம் வைத்துக் கவிழ்த்தேன்.
சொட்டுக்கூட விழவில்லை.
எங்கோ ஒரு கடலின் நண்டு
உறைந்துபோன தண்ணீருக்குத்தான்
நான் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

வடிப்பானை மாற்றினோம்.
நடுங்கிய மூவரும் தேறித் திரும்பினார்கள்.
இரும்பு உடம்பு என்று தனகோடிக்குப் பெயர் வந்தது.
வாட்ச்மேனிடம்கூடச் சொல்லிக்கொண்டார்.

ஆடியில்
அவர் கழுத்துக் குழாய் வழியே
இம்முறை உயிருள்ளதே நுழைந்தது.
காய்ச்சல் வரவில்லை.
காய்ச்சல் வராததால் யாரும் வரவில்லை.
தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு என்று குறித்தேன்.
திங்களும் அதுவே. புதனும் அதுவே.
"லேசா அசதிமா," அவ்வளவுதான் சொன்னார்.
வெள்ளிக்கிழமை பிரஷர் கருவி
எண் காட்டாமல் திரும்பத் திரும்ப உப்பியது.

நான்காவது நாற்காலியில் இப்போது
கொண்டித்தோப்பிலிருந்து ஒருவர்.
யாராவது நடுங்கினால் ஓடுகிறேன்,
ஊசி, போர்வை, டாக்டருக்குப் போன்.
நடுங்காதவரிடம்
ஒரு காரணமும் இல்லாமல் போய்
மணிக்கட்டைப் பிடித்தபடி நிற்கிறேன்.

"இன்னா சிஸ்டர்?"
"ஒண்ணுமில்ல."

எண்ணிக்கொண்டிருக்கிறேன்.