நிழல் பற்றிய புகார்

குழாயைத் திறந்தால் முதலில் வருவது
தேயிலை போட்டால் சாயம் இறங்கும் தண்ணீர்.
வாளியில் பிடித்து ஆறவைக்கிறேன்.
நகராட்சி அனுமதித்திருப்பது
இரவு பதினொன்றிலிருந்து ஒன்றுவரை.
மற்ற நேரத்துக்கு
குளித்த தண்ணீர், கொண்டைக்கடலை ஊறிய தண்ணீர்.

மருந்துக்கடையின் பச்சைச் சிலுவையில்
நாற்பத்தாறு என்று எரிகிறது.
படஹோஸில் இன்னும் அதிகமாம்,
அதில் என்ன ஆறுதலோ, எல்லோரும் சொல்கிறார்கள்.

தக்காளி பூத்த காம்பிலேயே கருகி உதிர்கிறது.
குடைமிளகாயின் மேற்குக் கன்னத்தில்
இஸ்திரிப்பெட்டி வைத்த வெள்ளைத் தழும்பு.
சுக்கினி இலைகள் மதியம் சுருண்டு விழுந்து
இரவில் எழுந்துகொள்கின்றன;
தினமும் ஒன்றிரண்டு எழுவதில்லை.

பெட்டியைத் திறந்து
கல்யாணத்துக்குத் தைத்த படுக்கைவிரிப்புகளை எடுத்தேன்.
நான்கு.
கறையாகுமென்று பெர்னாபேயை
ஒருநாளும் இதில் படுக்க விட்டதில்லை.
நாணல் கழிகளில் துணிக்கிளிப் போட்டுக் கட்டினேன்.
தெருவில் போன கொன்சோலா எட்டிப்பார்த்து,
"எவுலாலியா, உள்ளே யார் தூங்குகிறார்கள்?" என்றாள்.

ஒன்றைச் சொல்லாமல் வந்துவிட்டேன்.
மேற்குச் சுவருக்கு அந்தப்பக்கம் ஓர் அத்திமரம் இருந்தது.
சத்தூர்னினோவுடையது.
அதன் நிழல் என் பாத்திகளில் எவ்வளவு விழுகிறதென்று
மணிக்கு மணி அளந்து, படம் வரைந்து
ஆறு வருடம் நகராட்சிக்கு எழுதினேன்.
மூன்று மணிக்கு நான்கு மீட்டர்.
ஐந்து மணிக்கு ஏழு.
"செடிகளுக்குப் போதிய வெயில் கிடைப்பதில்லை."
வாக்கியம் என்னுடையது,
அடிக்கோடும் என்னுடையதுதான்.

பிப்ரவரியில் இரண்டு பேர் ரம்பத்தோடு வந்தார்கள்.
அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார்.
நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டேன்,
சத்தத்துக்காக.

இப்போது மணி மூன்று.
அந்த நான்கு மீட்டர்
எந்தக் கல்லில் தொடங்கி எந்தக் கல்லில் முடியுமென்று
எனக்கு மனப்பாடம்.
விரிப்புகள் சரியாக அதுவரைதான் வருகின்றன.

நேற்றிரவு குழாய்க்குக் காத்திருந்தபோது
சுவருக்கு மேலே ஒரு கை.
மடித்த தார்ப்பாய்.
"ஐந்து மணிக்கு ஏழு," என்றார்.
"நகல் என்னிடம் இருக்கிறது."

வாங்கிக்கொண்டேன்.
பதிலுக்குப் பறித்துக் கொடுக்கச் செடியில் ஒன்றுமில்லை.
வாளியைத் தூக்கிச் சுவர்மேல் வைத்தேன்.
ஆறிய தண்ணீர்தான், என்றேன்.

கொஞ்ச நேரம்
அந்தப்பக்க மண் குடிக்கும் சத்தம் கேட்டது,
எந்த இடத்து மண்ணென்று
நான் எட்டிப் பார்க்கவில்லை.
வாளி காலியாகத் திரும்பி வந்தது.
மணி பதினொன்று.