நூற்றுக்கு நான்கு

ஏழு பேர் உட்காரும் மேசை.
என் பங்கு நூற்றுக்கு நான்கு.
அதுவும் என் கணவர் ஸ்டான்
டயர் விற்ற காசில், ஒரு வியாழக்கிழமை போதையில் வாங்கியது.
அவர் போய்விட்டார்.
கடையும் வாக்கும் என்னிடம்.

கேள்வி ஒன்றுதான்:
பொது மேலாளர் கார்வின் ஹாட்ச்சை
இன்னும் நான்கு ஆண்டு வைத்துக்கொள்வதா?

சன்னலுக்கு வெளியே ஈரி ஏரி
உறையலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

முதல் ஆண்டு வெற்றி பத்தொன்பது.
அடுத்த ஆண்டு பதினாறு.
போன ஆண்டு முப்பத்தொன்று.
ஏறுகிறது பாருங்கள் என்றார் ஒருவர்.
பள்ளத்தில் விழுந்தவன் எழுந்து உட்கார்ந்தாலும்
ஏற்றம்தான் என்றார் இன்னொருவர்.

வந்த முதல் மாதமே ரூஃபஸ் டில்மனை விற்றவர் ஹாட்ச்.
என் கடை மெக்கானிக் ஒரு வாரம்
எட்டாம் எண் சட்டையைக் கழற்றவில்லை,
கிரீஸ் அப்பி, எண் மறையும்வரை.
பதிலுக்கு வந்தவை வருங்காலத் தேர்வு உரிமைகள், மூன்று.
ஒன்று இன்னும் ஏழு ஆண்டு தள்ளி.
அதற்கு உரிய பையன் இப்போது எங்கோ ஆறாம் வகுப்பில்
பல்லுக்குக் கம்பி போட்டுக்கொண்டு
பின்னத்தில் கூட்டல் தப்பாகப் போட்டுக்கொண்டிருப்பான்.
கோப்பில் அவனுக்கும் ஒரு வரி உண்டு,
"சொத்துகள்" என்ற தலைப்பின் கீழ்.

விதைநெல்லைத் தின்று தீர்த்தவர்களை எல்லாருக்கும் தெரியும்.
இவர் நின்ற பயிரை அறுத்து விதைநெல் வாங்கியவர்.
நடுவில் கிடந்த மூன்று பசித்த குளிர்காலங்களை
எந்தக் கட்டத்தில் எழுதுவது?
கணக்காளரைக் கேட்டேன்.
அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

அவர்களிடம் சொல்லாதது ஒன்று.

இரண்டாம் ஆண்டு மார்ச்.
லவெல் ப்ரூயிட், எங்கள் அணியில் அதிகப் புள்ளி எடுப்பவன்.
அறிக்கை: வலது முழங்கால் வலி, ஆடமாட்டார்.
பதினோரு ஆட்டம் அதே வரி.
ஓர் இரவு மறந்த கைப்பைக்காக அரங்குக்குத் திரும்பினேன்.
பாதி விளக்கு அணைந்திருந்தது.
அவன் மட்டும்.
ஓடி வந்து, வலது காலை ஊன்றி, எழும்பி,
வளையத்தைப் பிடித்துத் தொங்கினான்.
மறுபடி.
மறுபடி.
வலிக்கும் காலால் யாரும் அப்படிக் குதிப்பதில்லை.
கைப்பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பதினொன்றில் ஒன்பது தோற்றோம்.
தோற்றவருக்கு அதிகச் சீட்டு;
குலுக்கலில் எங்கள் பந்து இரண்டாவதாக உருண்டது.
அதில் வந்தவன்தான் எட்கார்ஸ் வீட்டோல்ஸ்,
லாட்வியாவிலிருந்து, பத்தொன்பது வயது.
பார்க்காமலே பந்தைக் கொடுப்பான்;
போகவேண்டிய கைக்கு அது போய்விடும்.
முதல் முறை பார்த்தபோது
எழுந்து நின்று கத்தினேன்.
இரண்டு நாள் தொண்டை கட்டிக்கொண்டது.
பொய்யில் காய்த்த பழம்.
தித்தித்தது, என்ன செய்ய.

"ஓராண்டு மட்டும் கொடுக்கலாமே" என்றேன்.
"அது டயருக்கான உத்தரவாதம், ஹலீனா."
சிரித்தார்கள். நானும் கொஞ்சம்.
ஆறுக்கு ஒன்று.

சனிக்கிழமை ஹாட்ச் கடைக்கு வந்தார்,
பனி டயர் மாற்ற.
அந்த ஒன்று யாரென்று தெரிந்துதான் வந்தார்.
வண்டியைத் தூக்கி, டார்ச் அடித்தேன்.
வெளிப்பக்கம் புதுசுபோல வரி வரியாக.
உள்விளிம்பில் கம்பி தெரிந்தது.
"நின்று பார்த்தால் தெரியாது.
தூக்கினால்தான்."
குனிந்தார்.
டயர் பார்க்கத் தேவையானதைவிட அதிக நேரம் குனிந்திருந்தார்.
"ப்ரூயிட்டின் முழங்கால் எப்படி?" என்றேன்.
பின்னால் யாரோ காற்றடிக்கும் சத்தம், நின்றது.
"நன்றாக இருக்கிறது" என்றார்.
பிறகு,
"எப்போதும் நன்றாகத்தான் இருந்தது."

நான்கு டயருக்கு ஒரு பில்.
அலைன்மென்ட்டுக்குத் தனி.