கொசுறு

காலை ஏழு. கிர்க்வால் துறை.
மழை என்று சொல்லிவிட முடியாத ஒன்று
முகத்தில் ஒட்டுகிறது.
வேனில் இருபது கிலோ இரும்புக் கற்கள், பன்னிரண்டு.
மரப்பெட்டியில் மெத்தை போட்டுப்
படுக்கவைத்த பித்தளைப் பொடிசுகள்.
ஆர்க்னியில் தீவு தீவாகப் போய்த்
தராசுகள் பொய் சொல்கின்றனவா என்று விசாரிப்பது
அரசாங்கம் எனக்குக் கொடுத்த வேலை.

கயிறு அவிழ்க்கும் ஃபிளெட்
விடுப்பில் கிரேக்கத் தீவுகளுக்குப் போய்வந்தானாம்.
மூக்குத் தோல் உரிந்திருக்கிறது.
என்ன பார்த்தாய் என்றேன்.
"படகுகள்தான்.
பதினொரு நாளில் ஒன்பது படகு.
நீலமென்றால் அப்படி ஒரு நீலம்,
வெள்ளைச் சட்டையை முக்கினால் சாயம் ஏறிவிடும்.
துறைக்குத் துறை எவனோ கயிறு எறிகிறான்,
நான் ஐஸ்கிரீம் தின்றுகொண்டே பார்க்கிறேன்.
நக்சோசில் ஒருத்தன்
மூன்று தடவை தவறவிட்டான்.
எனக்குக் கை துறுதுறுத்தது."

சிவந்த தேவாலயம்
மிளகாய் வற்றலாய்ச் சுருங்கும்வரை
பின்தளத்தில் நின்றேன்.

உள்ளே, டீ இயந்திரத்தை ஒட்டிய மேசையில்
டிரீவர்.
போன வருடம் அவருடைய நண்டுத் தராசில்
சிவப்புச் சீட்டு ஒட்டியவள் நான்.
படகில் ஒளிய இடமில்லை.
கழிப்பறை உண்டு. எவ்வளவு நேரம்தான்.

அவரே எழுந்து வந்தார்.
இரண்டு கோப்பை. ஒன்று எனக்கு.
அலை ஏறும்போது தேநீர் அவர் பக்கம் சாய்கிறது,
இறங்கும்போது என் பக்கம்.
கொஞ்ச நேரம் இருவரும்
அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நீ சொன்ன அந்த நாற்பது கிராம்."
ஆமாம்.
"கிலோவுக்கு நாற்பது."
ஆமாம்.
"அது வாங்குகிறவன் பக்கம் போயிருக்கிறது.
அப்பா விட்டுப்போன தராசு.
குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.
முப்பத்தொரு வருடம்.
கிட்டத்தட்ட ஒரு டன் நண்டைச்
சும்மா தூக்கிக் கொடுத்திருக்கிறேன்
இந்த நன்றிகெட்ட தீவுக்கு."
நன்றிகெட்ட என்னும்போது
மீசையின் ஒரு பக்கம் சிரித்துவிட்டது.

எங்கள் பாஷையில் இதற்கு ஒரு சொல் உண்டு என்றேன்.
கத்தரிக்காய்க்கு மேலே ஒரு கொத்துக் கறிவேப்பிலை,
அளந்த பூவுக்கு மேலே இன்னும் அரை முழம்.
கொசுறு.
"கொசூர்."
கடைசியில் ஓர் உதை வேண்டும். று.
"அது கேட்டு வாங்குவதா, கேளாமல் கொடுப்பதா?"
கேட்டுத்தான். சண்டை போட்டும்.
"கொடுப்பவனுக்கே தெரியாமல் போனால்?"
யோசித்தேன்.
அதற்குச் சொல் இல்லை.
என் படிவத்தில் உண்டு: பிழை.

கோப்பையைச் சுற்றினார்.
"புதுத் தராசு துல்லியம். சனியன்.
உன் நண்டு இளைத்துவிட்டது என்கிறாள் தபால்காரி.
அதனால் எண் நின்ற பிறகு
ஒரு கொடுக்கை எடுத்து மேலே போடுகிறேன்.
போடாவிட்டால் கை ஒப்பமாட்டேன் என்கிறது.
அதற்கும் சீட்டு ஒட்டுவாயா?"

கடலில் எனக்கு அதிகாரம் கிடையாது என்றேன்.
தப்பிக்கச் சொன்னதுதான், ஆனாலும் மெய்.
ஆடும் தளத்தில் எந்த முள்ளும் நிற்காது.
அலை தூக்கினால் என் இருபது கிலோ இருபத்தொன்று,
இறக்கினால் பத்தொன்பது.
கரை வரும்வரை
பெட்டியை நான் திறப்பதே இல்லை.

ஈடே துறை.
ஃபிளெட் எறிந்த கயிறு
கல் தூணைத் தொட்டு, வழுக்கித்
தண்ணீரில் விழுந்தது.
யாரையும் பாராமல் இழுத்துச் சுருட்டினான்.
நான் வாயைத் திறக்கவில்லை.
பின்னால் டிரீவர் மட்டும்
று, று என்று
கிளம்பாத வண்டியை உதைப்பதுபோல்
பழகிக்கொண்டிருந்தார்.