பக்கச்சுவரில் மலை

ஸ்ரான்லி வீதியில் காலை பத்தரை.
வெள்ளை பென்சை ஜக்கில் ஏற்றியிருக்கிறார்கள்.
எக்ஸ்ரேக்கு வந்த பெரிய மனிதரைப்போல
கொஞ்சம் கூச்சத்தோடும் மிச்ச அதிகாரத்தோடும்
ஒரு பின்காலைத் தூக்கி நிற்கிறது.

வெளிப்பக்கம் பளபளப்பு. அது என் வேலை.
கலியாண நாட்களில் விடிய முதல் எழும்பி
பழைய பெனியனில் கறுப்பு மெழுகு தொட்டு
நான்கையும் தேய்ப்பேன், படத்தில் விழுமே என்று.
அன்ரன் யூட் தடவியது உள்விளிம்பை.
விரலை எடுத்தபோது நுனியில் ரத்தம்.
"கம்பி வந்திட்டுது அண்ணை.
இதிலையே போன கிழமை பொம்பிளை ஏத்தினீங்கள்?"

ஏற்றினேன்.
மானிப்பாயிலிருந்து, மேளத்துக்குப் பின்னால்,
ஆட்கள் நடக்கிற வேகத்தில்.
மணிக்கு இருநூற்று எழுபது கிலோமீற்றர் தாங்குவேன் என்று
அந்த ரயர் ஒற்றை எழுத்தில்
யாருக்கோ சத்தியம் செய்திருக்கிறது.
தவில்காரர் முகம் துடைக்க நின்றால்
அதுவும் நின்றது.

ஐந்து ரூபாய்க் குத்தியைத் தவாளிப்பில் செருகினான்.
நிற்கவில்லை. உருண்டு கானுக்குள் விழுந்தது.
நாலு இலக்கத்தைக் காட்டினான்:
முப்பத்தொன்று, பதினேழு.
அந்த வருடத்தின் முப்பத்தோராம் கிழமை பிறந்ததாம்.
ஆடி மாதம்.
கலியாணக் காருக்கு யார் பார்த்த பொருத்தம் இது?

அதற்குப் பக்கத்தில் அந்த அடையாளம்.
மூன்று சிகரம் வைத்த மலை, நடுவில் பனிப்பூ.
இங்கிலாந்திலிருந்து காரோடு வந்தது.
பாலத்து மேட்டைத் தவிர
ஏறுவதற்கு ஒன்றும் இல்லாத ஊரில்
ஏழு வருடமாய் நாலு மலைகளை உருட்டியிருக்கிறேன்,
ஒருநாளும் குனிந்து பாராமல்.

கருணைவேல் எடுக்கிறார். ஒஸ்லோவில் இன்னும் இருட்டு.
கார் அவருடையது, திறப்பு என்னிடம்.
"என்னட்டை நாலு கிடக்கு. ஒரு வின்ரர்தான் ஓடினது.
கப்பலிலை போடுறன், காசைக் கரியாக்காதை."
திரையில் அவருடைய நிலவறை:
பொலித்தீன் சுற்றிய ரயர்கள்,
அவற்றின்மேல் அடுக்கிய மிளகாய்த்தூள் போத்தல்கள்.
போனுக்குக் கேட்கட்டும் என்றே யூட் சத்தமாகச் சொன்னான்:
"குளிருக்கெண்டு செய்த றப்பர் அது.
சித்திரை வெயிலுக்கு அல்வா மாதிரி இளகிப்போம்."
ஒஸ்லோ கொஞ்ச நேரம் பேசவில்லை.
தெருவில் யாரோ பனி வழிக்கிற சத்தம் மட்டும்.

ஜேர்மன் ஒன்று எழுபத்தோராயிரம்.
சீனா இருபத்துநாலு; மணந்து பார்த்தேன்,
செருப்புக் கடை.
தாய்லாந்து நாற்பத்திரண்டு.
"எது சத்தமில்லாதது?"
"மேளத்துக்குப் பின்னாலை போற காருக்கோ?"
சிரித்தான்.

மேளம் முடிந்தபிறகும் ஒரு ஓட்டம் உண்டு.
கோப்பாய் வெளியால் போகிற பதினைந்து நிமிடம்.
பின்சீற்றில் ஊரறிய இணைந்த இரண்டு அந்நியர்.
மாலையை மடியில் வைப்பதா,
நடுவில் வைப்பதா என்றே தெரியாமல்.
நான் கண்ணாடியைக் கொஞ்சம் மேலே திருப்பிவிடுவேன்.

போன கிழமை அவள்தான் முதலில் கேட்டாள்:
"அதென்ன சத்தம்?"
அவன் காது கொடுத்துக் கேட்டுவிட்டு,
"ரயர்" என்றான்.
பிறகு அவள் சிரித்தாள். ஏனென்று எனக்குத் தெரியாது.
சங்குப்பிட்டி தாண்டும்வரை
எதையெதையோ கதைத்துக்கொண்டு வந்தார்கள்.

இதை யூட்டுக்கு எப்படிச் சொல்வது?
விலைப்பட்டியலில் இதற்கு ஒரு நிரல் இல்லை.

"பின்னுக்கு ரெண்டும் தாய்லாந்து போடு.
முன்னுக்கு ஆவணி முடியப் பாப்பம்."
"பில்லை அனுப்பு," என்றது ஒஸ்லோ,
போத்தல்களை மறுபடி அடுக்கியபடி.

கழற்றிய இரண்டையும் யூட் கயிற்றில் கோத்தான்.
குருநகரில் மச்சானின் வள்ளம்
துறைச் சுவரில் இடிபடுகிறதாம்; நடுவில் தொங்கவிட.
மலையும் பனிப்பூவும் இனி உப்புத் தண்ணீரில்.

வெளியே எடுத்தேன்.
பின்பக்கம் பட்டுப்போல வந்தது.
ரயில் கடவையில் நின்று புறப்படும்போது
முன் ரயர் மட்டும் மெல்ல உறுமியது.
யன்னலை ஏற்றப் போன கையை
எடுத்துக்கொண்டேன்.